காய்கறிப் பாத்தியும் ஒரு பள்ளிக்கூடம்

(பந்திங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினரிடையே தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள், கூட்டங்களில் அதிகம் பேசப்படாத ஒன்று. கற்பதில் குறைபாடு உடைய நம் பிள்ளைகளைப் பற்றியும், அவர்கள் மண்ணில் இறங்கி வேலை பழகுவதன் வாயிலாக எவ்வளவு கற்க இயலும் என்பதைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

பல லயங்களில் நாம் காணும் காட்சி இது. ஒரு வீட்டின் வாசற்படியில் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். பிள்ளை என்று சொல்கிறோமே தவிர, அதற்கு வயது 20 ஆகியிருக்கும். 25 கூட ஆகியிருக்கும். காலையில் பெற்றோர் பிரட்டுக்குச் செல்லும்பொழுது அங்கே உட்கார்ந்தது, அவர்கள் திரும்பி வரும்வரை அங்கேயே இருக்கும். அதனிடம் எவரும் கடுமையாக நடந்துகொள்வதில்லை. எல்லாரும் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால், அந்தப் பிள்ளையிடம் ஒரு நாளில் மிகுதியாகச் சொல்லப்படும் சொல் எது என்று கவனித்தீர்களானால், "சும்மா இரு" என்பதாகத்தான் இருக்கும். இருபது ஆண்டுகள் ஒருவனைச் சும்மா இருக்கச் சொன்னால் அவன் சும்மா இருப்பதில் தேர்ந்துவிடுவான். பிறகு, "இவனுக்கு ஒன்றும் வராது" என்று நாமே தீர்ப்பும் கூறிவிடுகிறோம்.

கற்றல் குறைபாடு என்பது ஒரே நோய்க்கு இட்ட பெயர் அன்று. நம் நாட்டின் சமூக நல இலாகா பதிவு செய்யும் மாற்றுத் திறனாளிகளுள், "மசாலா பெம்பெலாஜாரான்" என்னும் பிரிவில் பல வகையினர் அடங்குவர். அறிவு வளர்ச்சி குன்றியோர், டவுன் சின்ட்ரோம் உடையோர், ஆட்டிசம் உடையோர், ஓரிடத்தில் நிலைத்திருந்து கவனிக்க இயலாத பிள்ளைகள், எழுத்துகளைப் பிரித்தறிய முடியாமல் தடுமாறும் டிஸ்லெக்சியா பிள்ளைகள் ஆகிய அனைவரும் அதனுள் வருகின்றனர். டவுன் சின்ட்ரோம் எதனால் நேர்கிறது என்பது 1959ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. உடலின் உயிரணுக்களில் 21ஆம் எண் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதே அதற்குக் காரணம் என்று பிரெஞ்சு மருத்துவர் லெழேனும் அவருடைய குழுவினரும் எடுத்துக்காட்டினர். ஆதலால், முற்பிறவிப் பாவம் என்றும், கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததன் பலன் என்றும் தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் பேச்சுக்கு இடமே இல்லை. இதனை வீட்டிலுள்ள மாமியார்மார்களுக்காகச் சற்று அழுத்தியே சொல்லி வைக்கிறேன்.

பழைய கித்தாத் தோட்டங்களில் இத்தகையோருக்கு ஓர் இடம் இருந்தது என்பதை மூத்தோர் அறிவர். அம்மாவுடன் நிரைக்குச் சென்று, வெட்டுக் கோட்டில் உறைந்த பாலை உரித்துக் கூடையில் போடுவதும், மங்குகளைத் துடைத்துக் கவிழ்த்து வைப்பதும் அவர்கள் செய்யக்கூடிய வேலைகளாயிருந்தன. அதற்குப் பெயர்ப் பதிவோ தனிச் சம்பளமோ இருந்ததில்லை. அந்தக் காலத்தை நான் புகழ வரவில்லை. எனினும், வேலையின் ஒரு சிறு துண்டு அவர்கள் கையில் இருந்தது. இன்று கோலலங்காட் வட்டாரத்தில் கித்தா நின்ற நிலங்களில் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது. குலை சுமப்பதும் நீண்ட கழியில் அரிவாள் கட்டி அறுப்பதும் அவர்களுக்கு ஏற்ற வேலைகள் அல்ல. கித்தாத் தோட்டங்களிலும் வேலை கணக்குப் பார்த்துப் பிரிக்கப்படுகிறது. அந்தச் சிறு துண்டும் அவர்கள் கையைவிட்டுப் போய்விட்டது.

இங்கே ஒன்றை நினைவுபடுத்த விரும்புகிறேன். நீங்கள் பால்வெட்டக் கற்றது எப்படி? யாரேனும் உங்களுக்குப் புத்தகம் கொடுத்தார்களா? பழைய மரம் ஒன்றில் உளியைப் பிடிக்கச் சொன்னார்கள். பழகிய கை ஒன்று உங்கள் கையின் மேல் அமர்ந்து, எவ்வளவு அழுத்த வேண்டும், எந்தச் சாய்வில் இழுக்க வேண்டும் என்று காட்டியது. பட்டையைச் சீவு, மரத்தைக் காயப்படுத்தாதே, மங்கைச் சரியாக வை, அடுத்த மரத்துக்குப் போ என்று ஒரே வரிசை, ஒரே சொற்கள், நாள்தோறும் திரும்பத் திரும்ப வந்தன. மரமும் உடனுக்குடன் பதில் சொன்னது. சரியாகச் சீவினால் பால் வடிந்தது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குப் பல மாதங்கள் கற்பித்த முறைகளுள் மிகச் சிறந்தது இதுவே. கற்பதில் குறைபாடு உடைய ஒருவருக்குக் கற்பிக்கும் முறையும் இதுவே. ஆகவே, இந்தக் கலையில் நீங்கள் புதியவர்கள் அல்லர்.

உலகின் பல இடங்களில் இது செய்து காட்டப்பட்டிருக்கிறது. ஹிட்லரின் படை ஆஸ்திரியாவைப் பிடித்தபின் அங்கிருந்து வெளியேறிய கார்ல் கேனிக் என்னும் மருத்துவர், 1940ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கு அருகே, கேம்ப்ஹில் என்ற பண்ணை வீட்டில், இத்தகைய பிள்ளைகளும் அவர்களைப் பேணுவோரும் ஒரே குடும்பமாக வாழும் அமைப்பினை உருவாக்கினார். பின்னர், 1955இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் வளர்ந்தோருக்கென ஒரு கிராமமே தோன்றியது. நெதர்லாந்தில் இன்று இத்தகையோரை ஏற்றுப் பழக்கும் பண்ணைகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன.

எனினும், ஓர் ஆசிரியர் என்ற முறையில் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது ஜப்பான் நாட்டுக் கதை. தொச்சிகி மாநிலத்தில் ஆஷிகாகா என்றோர் ஊர். அங்கே நொபோரு கவாடா என்பவர் இடைநிலைப் பள்ளியின் சிறப்பு வகுப்புக்கு ஆசிரியராயிருந்தார். கரும்பலகைக்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் எதையும் பெறவில்லை என்பதைக் கண்ட அவர், 1958ஆம் ஆண்டில் அவர்களை அழைத்துக்கொண்டு ஒரு மலைச்சரிவுக்குச் சென்றார். 38 பாகை சாய்வுள்ள சரிவு அது. இயந்திரம் ஏறாத இடம். ஆசிரியரும் பிள்ளைகளுமாகக் காட்டை வெட்டித் திருத்தித் திராட்சைக் கொடிகளை நட்டார்கள். 1969இல் அவ்விடத்தில் கோக்கோரோமி கக்குவென் என்னும் நிலையம் அமைந்தது. 1980இல் பெற்றோர்களின் துணையோடு திராட்சை மது வடிக்கும் தொழிலகமும் எழுந்தது. மதுவின் பெருமையை நம் தோட்டங்களில் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அதனை நான் செய்யப்போவதும் இல்லை. ஆனால், 2000ஆம் ஆண்டில் ஒக்கினாவாவில் உலகத் தலைவர்கள் கூடிய உச்சநிலை மாநாட்டின் விருந்தில் பரிமாறப்பட்டது அந்தச் சரிவில் விளைந்த திராட்சையின் சாறே என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அந்தச் சரிவில் நடைபெறும் வேலைகளைப் பாருங்கள். களைக்கொல்லி தெளிப்பதில்லை, கோடை முழுவதும் கையால் புல் அறுக்கிறார்கள். ஒருவர் காளான் வளர்க்கும் கட்டைகளைத் தோளில் சுமக்கிறார். இன்னொருவர் காலி டின்னைத் தட்டித் தட்டிக் காக்கைகளை விரட்டுகிறார். நாள் முழுவதும் அவருக்கு அதுவே வேலை. நம்மில் எவரேனும் ஒரு மணி நேரம் அதனைச் செய்வோமா? சலித்துப் போவோம். தினைப்புனத்தில் பரண் கட்டிப் பறவை விரட்டிய வள்ளியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வேலையின் மதிப்பு தெரியாமலிருக்க முடியாது. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும் இயல்பினை வீட்டில் நாம் குறை என்கிறோம். பழத்தோட்டத்தில் அதுவே விளைச்சலைக் காக்கிறது.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் அருகே, சிம்பாங் அம்பாட்டில், லுத்தரன் திருச்சபையினர் 1966இல் பெத்தானி இல்லத்தைத் தொடங்கினர். தோட்டங்கள் சூழ்ந்த அந்த வட்டாரத்தில் வலிப்பு நோயும் வளர்ச்சிக் குறைவும் உடைய பிள்ளைகளுக்கு அது புகலிடமாயிற்று. அரசாங்கத்தின் சமூக நல இலாகா 1984ஆம் ஆண்டில் திரெங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட்டில் 55 பேருடன் ஒரு முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளையைத் தொலைவிலுள்ள விடுதியில் சேர்க்காமல், வாழும் ஊரிலேயே பெற்றோரின் துணையுடன் பழக்குவது அதன் நோக்கம். அதுவே இன்று பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையம். நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இப்பொழுது இயங்குகின்றன. பயிற்சிக்கு வருவோருக்கு மாதப் படியும் உண்டு. பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகள் இருக்கின்றன. அங்கே 19 வயது வரை படிக்கலாம். கேள்வி எழுவதே அந்தப் பத்தொன்பதுக்குப் பிறகுதான்.

அந்த வயதில் பிள்ளை மறுபடியும் வாசற்படிக்குத் திரும்பாமல் இருப்பதற்கு வீட்டுக்குப் பின்னால் உள்ள நான்கு முழ நிலம் உதவும். பெரிய பண்ணை வேண்டியதில்லை. ஒரு பாத்தி போதும். தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு ஆலய வளாகத்திலோ பொது மண்டபத்தின் பின்புறத்திலோ நான்கைந்து குடும்பங்கள் கூடி இடம் பெற்றால் இன்னும் நன்று. நம் வட்டாரத்தில் பல இடங்களில் கரிமண்; தண்ணீர் மேலேயே நிற்கும்; புளிப்பும் அதிகம். ஆகையால் பாத்தியை உயர்த்திக் கட்டிச் சுண்ணாம்பு இட வேண்டும். உயர்ந்த பாத்தியால் இன்னொரு நன்மையும் உண்டு. நடக்க வேண்டிய வழி எது, மிதிக்கக் கூடாத இடம் எது என்பது சொல்லாமலே விளங்கும்.

முதலில் எதைப் பயிரிடுவது? கங்கோங் கீரை. விதைத்த மூன்று நான்கு வாரங்களில் அறுவடைக்கு வந்துவிடும். காத்திருக்கும் காலம் நீண்டால் விதைத்ததற்கும் விளைந்ததற்கும் உள்ள தொடர்பு அவர்கள் மனத்தில் அறுந்துபோகும். கங்கோங்கில் கை பழகியபின் வெண்டைக்குப் போகலாம். அது ஏறக்குறைய 50 நாள் கேட்கும்.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருகிறேன். கன்றுப் பையில் மண் நிரப்புவதை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரு வேலை. அவனுக்கு அது ஆறு வேலைகள். பையை எடுக்க வேண்டும், வாயைப் பிரிக்க வேண்டும், சாயாமல் நிறுத்த வேண்டும், மண்ணை அள்ளிப் போட வேண்டும், அழுத்த வேண்டும், கொண்டுபோய் வரிசையில் வைக்க வேண்டும். ஆறையும் ஒரே நாளில் சொன்னால் ஒன்றும் நிற்காது. முதல் ஐந்தையும் நீங்கள் செய்துவிட்டு, ஆறாவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அவன் பையை வரிசையில் வைத்ததும் வேலை முடிகிறது; முடித்தவன் அவன். அந்த மகிழ்ச்சி அவனுக்குக் கிட்ட வேண்டும். அது பழகிய பின்னர் ஐந்தாவதையும் ஆறாவதையும் விடுங்கள். இவ்வாறு பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். பை சாய்ந்தால், அடிப்பாகம் வெட்டிய டின் ஒன்றை வளையமாக வைத்து அதனுள் பையை நிறுத்துங்கள். எவ்வளவு மண் என்று அவனுக்குத் தெரியவில்லையானால், ஒரே டப்பாவைக் கொடுத்து மூன்று தரம் என்று பழக்குங்கள்.

உதவியையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதலில் அவன் கையின் மேல் உங்கள் கை. சில நாள் கழித்து முழங்கையில் ஒரு தொடுதல். பிறகு விரலால் சுட்டிக் காட்டினால் போதும். அதன்பின் நீங்கள் பேசாமல் நிற்கப் பழக வேண்டும். தாய்மார்களுக்கு மிகக் கடினமானது இந்தக் கடைசிப் படிதான்! பிள்ளை தடுமாறும்பொழுது ஐந்து விநாடி பொறுத்திருங்கள்; ஓடிச்சென்று செய்துவிடாதீர்கள். சொற்களையும் மாற்றாதீர்கள். இன்று "ஊற்று", நாளை "விடு", மறுநாள் "தண்ணி காட்டு" என்றால் அவனுக்கு அவை மூன்று வேலைகளாகத் தோன்றும்.

களை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். எது புல், எது கன்று என்று பிரித்தறிய வேண்டுமே! இதற்கு நம் கையிலேயே ஒரு வழி இருக்கிறது. பழைய கித்தாப்பால் மங்குகளைக் கன்றுகளின் மேல் கவிழ்த்துவிடுங்கள். மங்குக்கு வெளியே பச்சையாக எது தெரிந்தாலும் பிடுங்கலாம் என்று சொல்லுங்கள். வேலை முடிந்ததும் மங்குகளை எடுத்து அடுக்குவது அவனுக்கு இன்னொரு பாடம்.

கணக்கும் இங்கேயே நடக்கும். ஒரு பலகையில் பத்து ஆணி அடித்து, ஓர் ஆணிக்கு ஒரு தண்டு என்று கீரையை வைக்கச் சொன்னால், பத்து வரை எண்ணத் தெரியாதவனும் பத்துத் தண்டுக் கட்டுகளைப் பிழையின்றிக் கட்டுவான். கோழி வளர்ப்போர் வீட்டில் முட்டை அட்டையில் முப்பது குழிகள் இருக்கும். குழி காலியாக இல்லை என்றால் முப்பது நிறைந்தது என்று பொருள். விதை ஊன்றுவதற்கு, ஒரு சாண் இடைவெளிக்குச் சிவப்பு மை தடவிய கோல் ஒன்று போதும். இவற்றை ஏமாற்று வித்தைகள் என்று எண்ண வேண்டாம். மண்வெட்டிக்குக் காம்பு போட்டிருப்பதும் நம் கைக்கு உதவத்தானே?

ஆட்டிசம் உடைய பிள்ளைகள் சிலர் புல்வெட்டும் இயந்திரத்தின் ஓசையைத் தாங்கமாட்டார்கள். அந்த நேரத்தில் அவர்களை அங்கே நிறுத்த வேண்டாம். சிலருக்கு ஈர மண் கையில் ஒட்டினாலே துன்பம், கையுறை கொடுங்கள். அன்றைய வேலைகளைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டி வைத்தால், அடுத்து என்ன வருமோ என்ற அச்சம் குறையும்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். இவர்களுள் பலருக்கு வலிப்பும் உண்டு. அத்தகையோரைப் பெரிய கால்வாயின் ஓரத்திலோ, குளத்தருகிலோ, குப்பை எரிக்கும் இடத்திலோ தனியே விடலாகாது. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் திணிப்பதும், வாயில் கரண்டியைச் செருகுவதும் நம்மிடையே பழக்கமாயிருக்கிறது. இரண்டும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணியை மடித்து வையுங்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து தடை செய்யப்பட்டுவிட்டது. எந்த வீட்டிலேனும் பழைய போத்தல் ஒளிந்திருந்தால் தேடிப் பாருங்கள். எந்த மருந்தையும் பானப் போத்தலில் ஊற்றி வைக்கக் கூடாது. படிக்கத் தெரியாத பிள்ளை போத்தலின் உருவத்தைத்தான் நம்பும். எலி சிறுநீரால் வரும் காய்ச்சல் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று; ஆதலால் காலில் புட்ஸ் இல்லாமல் பாத்தியில் இறங்க விடாதீர்கள்.

இதுவரை நான் சொன்னவற்றைக் கேட்டுவிட்டு எவரேனும், "அப்படியானால் இவனுக்குப் பள்ளி வேண்டாம், மண்வெட்டி போதும்" என்று முடிவு செய்தால் அது பெருந்தவறு. தொடக்கக் கல்வி 2003ஆம் ஆண்டு முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. டிஸ்லெக்சியா உடைய பிள்ளைக்கு வேண்டியது வேறு முறையில் எழுத்துக் கற்பித்தல். அவனைப் படிப்பிலிருந்து பிடுங்கிப் பாத்தியில் நடுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. தோட்டத்தில் பிறந்தவனுக்கு மண்ணே தலையெழுத்து என்ற பேச்சை நம் முன்னோர் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். வளர்ந்த பிள்ளையையும் கேளுங்கள். பாத்தியைவிடக் கடையில் பொருள் அடுக்குவது அவனுக்குப் பிடித்தால் அங்கே அனுப்புங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தகைய ஓர் இளைஞனிடம் அண்டை அயலார் ஒரு கோப்பைத் தேநீரைக் கொடுத்து அரைநாள் வேலை வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவனும் சிரித்துக்கொண்டே செய்கிறான். அது பயிற்சியும் அன்று, அன்பும் அன்று. விற்ற கீரைக்குக் கணக்கு எழுதுங்கள். அவன் பங்கை அவன் பெயரில் வங்கியில் போடுங்கள். ஒரு வெள்ளியே ஆனாலும் அவன் கையில் கொடுத்து, கடைக்கு உடன் அழைத்துச் சென்று, அவனையே செலவு செய்ய விடுங்கள். பெண் பிள்ளைகளைப் பொறுத்தவரை, வேலை நடக்கும் இடத்தில் நம்பிக்கைக்குரிய பெரியவர் இருவராவது இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் தனியே அழைத்துச் செல்வதை, அவர் உறவினரே ஆனாலும், அனுமதிக்காதீர்கள்.

இதே போன்ற கூட்டம் ஒன்றில் ஒரு தாய் எழுந்து, "நான் இருக்கும்வரை பார்த்துக்கொள்வேன் ஐயா, அதற்கப்புறம்?" என்று கேட்டார். கூட்டத்தில் வேறெவரும் பேசவில்லை. ஏனெனில், அவர் கேட்டது அங்கிருந்த பலருடைய கேள்வி. 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நடப்பிலுள்ள சட்டப்படி ஓய்வு பெறும் வயது 60. ஓய்வு பெற்றபின் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய குடும்பங்கள் பல. பிள்ளைக்குப் பழகிய வாசற்படியும் அப்பொழுது போய்விடும். கைவேலை ஒன்று தெரிந்தவனை அண்ணன் வீட்டிலும் அக்காள் வீட்டிலும் ஏற்பது எளிது. ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தானே எடுத்துக் குடிக்கப் பழகாதவனை ஏற்பது அவர்களுக்கு எவ்வளவு நல்ல மனம் இருந்தாலும் கடினமே. பாத்தியில் அவன் பழகும் ஒவ்வொரு படியும் அந்த நாளுக்கான முன்னேற்பாடு.

ஆகவே, முதலில் பதிவு. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாரத்தைப் பெற்று, அரசாங்க மருத்துவரிடம் உறுதிப்படுத்தி, பிறப்புப் பத்திரம் அல்லது அடையாள அட்டையுடன் சமர்ப்பித்தால் ஓ.கே.யு. அட்டை கிடைக்கும். 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் இந்தப் பதிவுக்கு இடமளிக்கிறது. வேலை செய்வோருக்கு ஒரு வகை மாதப் படியும், வேலை செய்யவே இயலாதோருக்கு வேறொரு வகை உதவியும் உள்ளன. தொகையும் தகுதியும் அவ்வப்பொழுது மாறுவதால், அட்டை வாங்கும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பி.டி.கே. நிலையம் எது என்பதையும் அங்கேயே கேட்கலாம்.

அடுத்தது, ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். வீட்டில் எழுதத் தெரிந்த ஒருவர் அதில் எழுதி வர வேண்டும். எந்த மருந்து, எத்தனை மணிக்கு. எந்த ஓசைக்கு அஞ்சுகிறான். எந்தச் சொல்லைச் சொன்னால் விளங்கிக்கொள்கிறான். எந்த வேலையில் எத்தனைப் படிகள் தானாகச் செய்கிறான். எந்தப் படியில் இன்னும் கை கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளையைப் பற்றி உங்கள் மனத்தில் மட்டும் இருக்கும் இவையனைத்தும், பின்னாளில் அவனைப் பொறுப்பேற்கும் அண்ணனுக்கோ நிலையத்து ஆசிரியைக்கோ அந்தப் புத்தகத்திலிருந்துதான் தெரியவரும்.

பாரங்கள் சிலவற்றை இன்று உடன் கொண்டு வந்திருக்கிறேன். மலாய் மொழியில் இருக்கின்றன. நிரப்புவதற்கு உதவி வேண்டுவோர் கூட்டம் கலைந்தபின் மேடைக்கு அருகே வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வந்திருந்தால், அவர்களும் கூடவே வரட்டும்.